‘டக்’னு சத்தம் கேட்டா முதுகு நிமிர்ந்திடுமா?

திருவண்ணாமலையில கிரிவலம் போனவங்களுக்கு இடுக்குப் பிள்ளையாரைத் தெரிஞ்சிருக்கும். 14 கிலோமீட்டர் பாதையில, குபேர லிங்கத்தைத் தாண்டினதும் வர்ற சின்னக் கோயில். உள்ள நடந்து போக முடியாது. ஒருக்களிச்சுப் படுத்து, முழங்கையை ஊன்றி ஊர்ந்து, ஒரு பக்கமா நுழைஞ்சு இன்னொரு பக்கமா வெளிய வரணும். வழியும் நேரா இருக்காது, உடம்பைக் கொஞ்சம் திருப்பணும். அப்படி வந்தா உடம்பு வலி, இடுப்பு வலி எல்லாம் போகும்னு நம்பிக்கை.

எனக்கு 13 வயசு இருக்கும்போது தொடர்ந்து மூணு பௌர்ணமி அம்மா என்னை அதுக்குள்ள அனுப்பினாங்க. எனக்கு வலியே கிடையாது. ஆனா ஒவ்வொரு தடவை வெளிய வந்ததும் அம்மா என் முதுகுல கை வச்சு, மேல இருந்து கீழ வரைக்கும் மெதுவாத் தடவிப் பார்ப்பாங்க. நேராயிடுச்சான்னு. ஒண்ணும் சொல்லாம துப்பட்டாவைச் சரி பண்ணிவிட்டு, "வா, போலாம்"பாங்க.

எனக்கு ஸ்கோலியோசிஸ். முதுகெலும்பு பக்கவாட்டுல வளைஞ்சிருக்கு. இந்த எபிசோடுல அதைப் பத்தியும், அதுக்குக் கைரோபிராக்டிக் சிகிச்சை எடுக்கலாமா வேண்டாமாங்கிறதைப் பத்தியும் பேசப் போறேன். நான் டாக்டர் இல்லை. 14 வருஷமா இந்த முதுகோட இருக்கிறவள், அதைப் பத்தித் தேடித் தேடிப் படிச்சவள். அவ்வளவுதான்.

டெய்லர் அக்கா கண்டுபிடிச்சது

என் வளைவை முதல்ல பார்த்தது டாக்டர் இல்லை, டெய்லர் அக்கா. ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்க அளவெடுக்கும்போது, "என்னங்க, பாப்பாவுக்கு ஒரு பக்கம் இடுப்பு உள்ள போயிருக்கு, தோளும் ஏத்த எறக்கமா இருக்கு"ன்னாங்க. அம்மா அதுவரைக்கும் நான் சாஞ்சு நிக்கிறேன்னுதான் திட்டிட்டு இருந்தாங்க.

நம்ம முதுகெலும்பைப் பக்கவாட்டுல இருந்து பார்த்தா இயல்பாவே வளைவுகள் இருக்கும். பின்னாடி இருந்து பார்த்தா நேர்க்கோடா இருக்கணும். அது 'எஸ்' மாதிரியோ 'சி' மாதிரியோ வளைஞ்சிருந்தா ஸ்கோலியோசிஸ். கூன் விழுறது வேற, இது வேற. இதுல எலும்பு வளையறதோட சேர்ந்து திருகவும் செய்யும். மாடிப்படி சுத்திப் போற மாதிரி. முதுகெலும்பு திருகும்போது அதோட ஒட்டியிருக்கிற விலா எலும்பும் கூடவே திரும்பும். அதனாலதான் ஒரு பக்கத் தோள்பட்டை எலும்பு துருத்திக்கிட்டு நிக்குது.

வீட்டுலயே பார்க்க ஒரு வழி இருக்கு. வில்லியம் ஆடம்ஸ்ங்கிற ஆங்கிலேய சர்ஜன் 1865-ல விவரிச்ச பரிசோதனை. பிள்ளையைக் கால் ரெண்டையும் சேர்த்து, முட்டியை மடக்காம நிக்கச் சொல்லுங்க. உள்ளங்கை ரெண்டையும் சேர்த்துக்கிட்டு முன்னாடி குனியச் சொல்லுங்க. பின்னாடி இருந்து பாருங்க. முதுகோட ஒரு பக்கம் மேடா, இன்னொரு பக்கம் பள்ளமா தெரிஞ்சா எலும்பு டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டணும். ஒரு நிமிஷம் கூட ஆகாது.

டாக்டர் எக்ஸ்ரே எடுத்து ஒரு கோணத்தை அளப்பாங்க. அதுக்குக் காப் கோணம்னு பேரு. ஜான் காப்ங்கிற அமெரிக்க டாக்டர் 1948-ல சொன்ன முறை. 10 டிகிரியும் அதுக்கு மேலயும் இருந்தா ஸ்கோலியோசிஸ். வளர்ற வயசுப் பிள்ளைகள்ல நூத்துக்கு 2, 3 பேருக்கு இது இருக்கு. அதுல பெரும்பாலானவங்களுக்கு வளைவு சின்னது, சிகிச்சையே தேவைப்படாது. பெரிய வளைவுன்னு வரும்போது மட்டும் ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகள் பல மடங்கு அதிகம்.

யார் தப்பு?

எங்க வீட்டுல ஒவ்வொருத்தரும் ஒரு காரணம் கண்டுபிடிச்சாங்க. அத்தை, "புத்தகப்பை கனம்"னாங்க. தாத்தா, "குனிஞ்சு குனிஞ்சு டிவி பாக்குறா"ன்னார். அம்மா யார்கிட்டயும் சொல்லாம ஒரு காரணத்தை மனசுல வச்சிருந்தாங்க. ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் என்கிட்ட சொன்னாங்க: "உன்னைக் கைக்குழந்தையில எப்பவும் இடது இடுப்புலயே தூக்கி வச்சிருந்தேன், அதனாலதான்னு நெனச்சேன்."

இது எதுவுமே காரணம் கிடையாது. ஸ்கோலியோசிஸ்ல சுமார் 80 சதவீதம் காரணம் தெரியாத வகை. குடும்ப வழியா வர்ற வாய்ப்பு கொஞ்சம் இருக்கு. பை தூக்கினதாலயோ, சாஞ்சு உட்கார்ந்ததாலயோ, பால் குடிக்காததாலயோ வர்றதில்லை. இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, தப்பு நம்மமேலன்னு நினைக்கிற வீட்டுல ரெண்டுல ஒண்ணு நடக்கும். ஒண்ணு, மறைப்பாங்க. இல்லைன்னா, சீக்கிரம் சரி பண்ணித் தர்றேன்னு முதல்ல சொல்றவர்கிட்ட போயிடுவாங்க. எங்க வீட்டுல ரெண்டும் நடந்துச்சு.

எங்க ஊர் எலும்பு டாக்டர் நிக்க வச்சு எடுத்த எக்ஸ்ரேயில 24 டிகிரி. "நாலு மாசம் கழிச்சு வாங்க, கூடுதான்னு பார்க்கலாம். கூடினா பிரேஸ் போடணும்"னார். பிரேஸ்னா இடுப்புல இருந்து அக்குள் வரைக்கும் இறுக்கிப் பிடிக்கிற பிளாஸ்டிக் கூடு. அப்பா வெளிய வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "அதைப் போட்டுக்கிட்டு இவ எப்படி ஸ்கூலுக்குப் போவா? நாலு பேருக்குத் தெரிஞ்சா நாளைக்கு யார் கட்டிப்பான்?" அப்போ எனக்கு 13.

செங்கம் ரோட்டுல ஒரு நோட்டீஸ்

எங்க ஊர் ஒரு விசித்திரமான ஊர். ஒரு பக்கம் பெரிய கோயில், மாட வீதி, பூக்கடை. இன்னொரு பக்கம் ரமணாசிரமத்தை ஒட்டிச் செங்கம் ரோடு. நவம்பர் தொடங்கினா அங்க உலகத்துல இருக்கிற எல்லா நாட்டுக்காரங்களும் இருப்பாங்க. அவங்களோட சேர்ந்து எல்லா வைத்தியமும் வரும். யோகா, ரெய்கி, மூச்சுப் பயிற்சின்னு சுவத்துல நோட்டீஸ் ஒட்டியிருக்கும். அதுல ஒண்ணு கைரோபிராக்டிக். "முதுகெலும்பு வளைவுக்குத் தீர்வு. பிரேஸ் வேண்டாம், ஆபரேஷன் வேண்டாம்." அப்பாவுக்கு அந்தக் கடைசி நாலு வார்த்தை போதுமா இருந்துச்சு.

கைரோபிராக்டிக் எங்க இருந்து வந்துச்சுன்னு முதல்ல பார்த்துடலாம். 1895-ல அமெரிக்காவுல அயோவா மாநிலத்துல டேவன்போர்ட்ங்கிற ஊர்ல டி.டி. பாமர்ங்கிறவர் ஆரம்பிச்சது. காது கேட்காத ஒரு துப்புரவுத் தொழிலாளியோட முதுகெலும்பை அழுத்திவிட்டதும் அவருக்குக் காது கேட்டுச்சுங்கிறதுதான் அந்த வைத்தியத்தோட பிறப்புக் கதை. முதுகெலும்பு சரியான இடத்துல இல்லாததுதான் பெரும்பாலான நோய்க்குக் காரணம்னு பாமர் நம்பினார். இன்னைக்கு அமெரிக்கா, கனடா மாதிரி நாடுகள்ல அது லைசென்ஸ் உள்ள தொழில். நம்ம நாட்டுல மருத்துவருக்கு இருக்கிற மாதிரி கைரோபிராக்டிக்குக்குன்னு சட்டப்படியான தனி கவுன்சில் கிடையாது. நிறையப் படிச்சவரும் அந்தப் பேரைப் போட்டுக்கலாம், நாலு நாள் வகுப்புக்குப் போனவரும் போட்டுக்கலாம். பார்க்கிற நமக்கு வித்தியாசம் தெரியாது. உலக சுகாதார நிறுவனம் 2005-ல வெளியிட்ட வழிகாட்டியில முழுப் பயிற்சின்னா குறைஞ்சது 4,200 மணி நேரம்னு சொல்லியிருக்கு. அதை ஒரு அளவுகோலா வச்சுக்கலாம்.

நாங்க போன அந்த மனுஷர் அன்பானவர். அதையும் சொல்லணும். என்னைக் குப்புறப் படுக்க வச்சு, முதுகுல ரெண்டு உள்ளங்கையையும் வச்சு ஒரு அழுத்து. 'டக்... டக்... டக்'. அம்மா பக்கத்துல நின்னு, "பாப்பா, எப்படி இருக்கு?"ம்பாங்க. நான், "லேசா இருக்கும்மா"ம்பேன். பொய் இல்லை, நிஜமாவே லேசா இருக்கும்.

அந்தச் சத்தம்தான் எல்லாரையும் நம்ப வைக்குது. ரீல்ஸ்ல லட்சக்கணக்கான பேர் பார்க்கிறதும் அந்தச் சத்தத்துக்காகத்தான். எலும்பு இடத்துல போய் உட்கார்ற சத்தம்னு நினைக்கிறோம். அது இல்லை. மூட்டுக்குள்ள ஒரு வழவழப்பான திரவம் இருக்கு. மூட்டை வேகமா இழுத்தா உள்ள அழுத்தம் குறைஞ்சு வாயுக் குழி உண்டாகுது. 2015-ல கனடாவோட ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்துக்காரங்க எம்.ஆர்.ஐ.க்குள்ள விரல் சொடுக்கி அதைப் படமாவே எடுத்தாங்க. நாம சொடக்கு எடுக்கிறோமே, அதே சத்தம்தான் முதுகுலயும் வருது. சொடக்கு எடுத்தா விரலோட வடிவம் மாறிடுதா என்ன?

17 டிகிரி, 37 டிகிரி

பத்து சிட்டிங் முடிஞ்சதும் அவர் சொன்ன இடத்துல ஒரு எக்ஸ்ரே எடுத்தோம். 17 டிகிரின்னு அளந்து காட்டினார். 24 போய் 17! அன்னைக்கு அப்பா எல்லாருக்கும் ஸ்வீட் வாங்கிட்டு வந்தார். அம்மா பெரிய கோயில்ல அர்ச்சனை பண்ணினாங்க. எலும்பு டாக்டர் சொன்ன நாலு மாசக் கணக்கை நாங்க மறந்தே போயிட்டோம். அடுத்து 20 சிட்டிங் பேக்கேஜ்.

அந்த வருஷம் நான் மளமளன்னு வளர்ந்தேன். வயசுக்கு வந்ததும் அப்பத்தான். 13 மாசம் கழிச்சு ஒரு கல்யாணத்துக்குத் தாவணி கட்டிவிடும்போது, அம்மாவால ரெண்டு பக்கமும் சமமா மடிப்பு வைக்க முடியலை. மறுவாரம் வேலூர் போனோம். எக்ஸ்ரேயில 37 டிகிரி.

அப்பா பழைய படத்தை எடுத்து நீட்டி, "சார், இதுல 17 இருந்துச்சே"ன்னார். டாக்டர் அதை வெளிச்சத்துல வச்சுப் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இது படுக்க வச்சு எடுத்ததா?"

ஆமா. படுக்க வச்சுத்தான் எடுத்தாங்க.

படுத்தா உடம்போட பாரம் முதுகெலும்புமேல இறங்காது, அதனால வளைவு குறைவாத் தெரியும். ஸ்கோலியோசிஸை நிக்க வச்சுத்தான் அளக்கணும். இன்னொண்ணும் சொன்னார். ஒரே படத்தை ரெண்டு டாக்டர் அளந்தாலே 5 டிகிரி வரைக்கும் முன்னப்பின்ன வரும். அதனால 4 டிகிரி குறைஞ்சிருக்குன்னு யாராவது 'முன், பின்' படம் காட்டினா, அது குறைஞ்சதா இல்லாமலே இருக்கலாம்.

அந்த மனுஷர் வேணும்னே ஏமாத்தினாரான்னு கேட்டா, இல்லைன்னுதான் நினைக்கிறேன். அவரும் அந்தப் படத்தை நம்பினார். அவர் என் முதுகை ஒடிக்கவும் இல்லை. எனக்குப் போனது வேற. வளர்ற வயசுல 13 மாசம்.

அதோட அர்த்தம் எனக்கு அப்புறமாத்தான் புரிஞ்சது. ஸ்கோலியோசிஸ் பெரும்பாலும் கூடுறது எலும்பு வளர்ற காலத்துலதான். இடுப்பெலும்போட விளிம்பை எக்ஸ்ரேயில பார்த்து, இன்னும் எவ்வளவு வளர்ச்சி பாக்கின்னு சொல்வாங்க. 1984-ல லோன்ஸ்டீன், கார்ல்சன்னு ரெண்டு பேர் வெளியிட்ட ஆய்வு இருக்கு. வளைவு 20-ல இருந்து 29 டிகிரிக்குள்ள, வளர்ச்சி நிறைய பாக்கி இருக்கிற பிள்ளைகள்ல 68 சதவீதம் பேருக்கு வளைவு கூடுச்சு. வளர்ச்சி முடியப் போறவங்கள்ல 23 சதவீதம். நான் முதல் கூட்டத்துல இருந்தேன்.

எது வேலை செய்யுது?

25 டிகிரிக்குக் கீழ இருந்தா பொதுவா நாலாறு மாசத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கிட்டே இருப்பாங்க. சும்மா இருக்கிற மாதிரி தெரியும், ஆனா அதுதான் அங்க சரியான வேலை. 25-ல இருந்து 40, 45 வரைக்கும், இன்னும் வளர்ற பிள்ளைன்னா பிரேஸ். 45, 50-க்கு மேல போனா ஆபரேஷனைப் பத்திப் பேசுவாங்க. ஸ்க்ரூவும் கம்பியும் வச்சு, அந்தப் பகுதி எலும்புகளை ஒண்ணாச் சேர வைக்கிற ஆபரேஷன்.

பிரேஸ் வேலை செய்யுமான்னு ரொம்ப நாள் சந்தேகம் இருந்துச்சு. 2013-ல அயோவா பல்கலைக்கழகத்தோட ஸ்டூவர்ட் வைன்ஸ்டீன் தலைமையில ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு. கைரோபிராக்டிக் பிறந்த அதே மாநிலம்! வளர்ச்சி முடியறதுக்குள்ள 50 டிகிரியைத் தொடாம தப்பிச்சவங்க, பிரேஸ் போட்டவங்கள்ல 72 சதவீதம், போடாதவங்கள்ல 48 சதவீதம். ஒரு நாளைக்கு சராசரியா 13 மணி நேரத்துக்கு மேல போட்டவங்கள்ல 90 சதவீதத்துக்கும் மேல. பலன் தெளிவாத் தெரிஞ்சதால ஆய்வையே முன்கூட்டி நிறுத்திட்டாங்க.

அந்த 48-ஐயும் பாருங்க. ஒண்ணும் செய்யாமலே கிட்டத்தட்ட பாதிப்பேர் தப்பிச்சிருக்காங்க. அந்தப் பாதிப்பேர் எந்த வைத்தியர்கிட்ட போயிருந்தாலும், அவர்தான் குணப்படுத்தினார்னு சத்தியம் பண்ணுவாங்க. பொய்யாவும் இருக்காது. அதனாலதான், "எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணுக்குச் சரியாச்சே"ங்கிறது ஆதாரம் ஆகாது. என் விஷயத்துலயும், அப்பவே பிரேஸ் போட்டிருந்தா 24-லயே நின்னிருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா ஒரு வாய்ப்பு இருந்துச்சு. அது போச்சு.

உடற்பயிற்சியில ஷ்ரோத்னு ஒரு முறை இருக்கு. கேத்தரினா ஷ்ரோத்ங்கிற ஜெர்மன் பெண்மணி, தனக்கே ஸ்கோலியோசிஸ் இருந்ததால, தன் உடம்புலயே முயற்சி பண்ணிப் பார்த்து உருவாக்கினது. 1921-ல சிகிச்சை தர ஆரம்பிச்சாங்க. ஒவ்வொருத்தர் வளைவுக்கும் தகுந்த மாதிரி மூச்சும் பயிற்சியும். நல்ல பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தா பிரேஸோட சேர்த்துச் செய்யலாம்.

கைரோபிராக்டிக்? 2001-ல அந்தத் துறையோட ஆய்விதழ்லயே ஒரு ஆய்வு வந்துச்சு. சின்ன வளைவு உள்ள 42 பிள்ளைகள் முழுச் சிகிச்சையும் எடுத்துக்கிட்டாங்க. வளைவு குறையலை. முதுகெலும்பைக் கையால அழுத்தி வளைவை நிமிர்த்தலாம்னு சொல்ல நம்பகமான ஆதாரம் இதுவரைக்கும் இல்லை. ஆனா வலிங்கிறது வேற கணக்கு. பெரியவங்களுக்கு வர்ற சாதாரண இடுப்பு வலிக்கு, மருந்தில்லாத வழிகள்ல ஒண்ணா இந்த மாதிரிக் கை சிகிச்சையை அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2017-ல ஏத்துக்கிட்டிருக்கு. ஐ.டி. கம்பெனியில பத்து மணி நேரம் உட்கார்ந்து இடுப்பு பிடிச்சுக்கிச்சு, போய்ப் பார்த்தேன், லேசா இருக்குன்னா எனக்கு ஒரு சண்டையும் இல்லை. வலி குறையறது ஒண்ணு, வளைவு நிமிர்றது இன்னொண்ணு.

போறதா இருந்தா நாலு விஷயம் கேளுங்க. எங்க, எத்தனை வருஷம் படிச்சீங்க? எக்ஸ்ரே நிக்க வச்சு எடுத்ததா? எத்தனை சிட்டிங்ல என்ன மாறணும், மாறலைன்னா நிறுத்திடுவீங்களா? எலும்பு டாக்டர்கிட்டயும் காட்டிக்கிட்டே இருக்கலாமா? கடைசிக் கேள்விக்கு 'வேண்டாம்'னு பதில் வந்தா எழுந்து வந்துடுங்க. முதுகுல கம்பி வச்சவங்க, எலும்பு தேஞ்சவங்க இந்தப் பக்கமே போகக் கூடாது. கழுத்தை வேகமாத் திருப்ப விடாதீங்க. அரிதாத்தான் நடக்கும், ஆனா கழுத்து ரத்தக்குழாய் கிழிஞ்சு பக்கவாதம் வந்திருக்கு. ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிற வலி, கால் மரத்துப் போறது, பலம் குறையறது, சிறுநீர் கட்டுப்பாடு போறது, இதுல எது இருந்தாலும் நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க.

எங்க போறதுன்னு கேட்பீங்க. நம்ம மாநிலத்துல வசதிக்குக் குறைவில்லை. வேலூர் சி.எம்.சி.யில முதுகெலும்புக்குன்னு தனிப் பிரிவு இருக்கு. கோயம்புத்தூர் கங்கா ஆஸ்பத்திரி இதுல உலக அளவுல பேர் வாங்கின இடம். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள்ல எலும்புப் பிரிவு இருக்கு, திருவண்ணாமலையிலயும் இருக்கு. முதல் எக்ஸ்ரேக்கு ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை.

நிமிர்ந்த பாண்டியன்

மூணு வருஷம் பிரேஸ் போட்டேன். சித்திரை வெயில்ல, எங்க ஊர்ல, பனியன் நனைஞ்சு பிளாஸ்டிக்கோட ஒட்டிக்கும். ராத்திரி கழட்டும்போது தோல் சிவந்து கோடு கோடா இருக்கும். அம்மா விசிறிக்கிட்டே உட்கார்ந்திருப்பாங்க. பின்னலை முன்னாடி போட்டா தெரிஞ்சிடும்னு எப்பவும் முதுகுலயே விட்டிருப்பேன். கழட்டினப்போ 41 டிகிரி. இப்போ 27 வயசு, போன வருஷம் எடுத்த படத்துல 42. அந்த 1 டிகிரியை யாரும் கணக்குல எடுக்கிறதில்லை. நான் வேலைக்குப் போறேன், கிரிவலம் போறேன், எப்பவாவது வலிக்குது. உசேன் போல்டுக்கும் ஸ்கோலியோசிஸ்தான். 100 மீட்டரை 9.58 விநாடியில ஓடினவர்.

கூன் பாண்டியன் கதை தெரியும்ல? சம்பந்தர் பாட, பாண்டியனோட கூன் நிமிர்ந்துடுச்சு, அவர் நின்றசீர் நெடுமாறன் ஆயிட்டார். சின்ன வயசுல அந்தக் கதையைக் கேட்கிறப்போ எல்லாம் எனக்குப் பொறாமையா இருக்கும். ஒரு நொடியில நிமிரணும்ங்கிற ஆசை நமக்கு அவ்வளவு பழசு. எங்க அப்பா அம்மா முட்டாளுங்க இல்லை. அந்த ஆசையோட இருந்தாங்க. இடுக்குப் பிள்ளையார்கிட்ட போனதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பிள்ளையார் யாரையும் டாக்டர்கிட்ட போகாதேன்னு சொன்னதில்லை.

போன பௌர்ணமிக்கு ஊருக்குப் போயிருந்தேன். அக்கா பொண்ணுக்கு 11 வயசு. ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் அம்மா அவளைக் கூப்பிட்டு, "பாப்பா, ரெண்டு கையையும் சேர்த்துக்கிட்டுக் குனி"ன்னாங்க. பின்னாடி நின்னு, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, ரொம்ப நேரம் பார்த்தாங்க. ரெண்டு பக்கமும் சமமா இருந்துச்சு. "ஆறு மாசம் கழிச்சுத் திரும்பப் பார்க்கணும்"னாங்க.

உங்க வீட்டுலயும் பத்துல இருந்து பதினஞ்சு வயசுக்குள்ள ஒரு பிள்ளை இருந்தா, இந்த எபிசோடு முடிஞ்சதும் ஒரு நிமிஷம் குனியச் சொல்லிப் பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.